சியாட்டிலும் காரைக்குடியும்

2025 ஜூன் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, நமக்குப் பால் காய்ச்சும் நேரத்தில், ஓக்லஹோமா சிட்டி தண்டர் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் கோப்பையைத் தூக்கியது. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். இந்தியானா பேசர்ஸை 103-91 என்று வென்றார்கள். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 6 ஞாயிறு இரவு, நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் திருப்பூர் தமிழன்ஸ் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் கோப்பையைத் தூக்கியது. தமிழன்ஸ் 220 அடித்தார்கள். எதிரில் அஸ்வினின் திண்டுக்கல் டிராகன்ஸ் 102க்குச் சுருண்டது.

தண்டர் 2008 வரை சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ். தமிழன்ஸ் 2019 வரை காரைக்குடி காளை. ஒரே கோடையில், ஊர் மாறிப்போன இரண்டு அணிகள் கோப்பை வாங்கின. சியாட்டில்காரர்கள் அன்று என்ன மனநிலையில் இருந்திருப்பார்கள் என்று காரைக்குடிப் பக்கத்து மானகிரியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு நன்றாகவே புரிந்தது.

எங்கள் ஊரில் விளையாட்டுப் பேச்சு என்றால் முக்கால்வாசி சிஎஸ்கே. மீதி மஞ்சுவிரட்டு. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் வருகிறார் என்ற பேச்சு கிளம்பியதும் மதுரை ரோட்டு டீக்கடையில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை.

"சஞ்சு வந்தா தோனிக்கு அப்புறம் கீப்பிங் கவலை விட்டுச்சு மாப்ள."

"அதுக்கு ஜட்டுவையா குடுக்குறது பங்காளி? ரெண்டு பந்துல பத்து ரன் அடிச்சுக் கப்பு வாங்கிக் குடுத்தவன்டா அவன்."

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நவம்பர் 15 அன்று அறிவிப்பு வந்தது. சஞ்சு 18 கோடிக்குச் சென்னைக்கு. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. 2012இல் மஞ்சள் சட்டைக்கு வந்தவர், 37 வயதை நெருங்கும்போது, 2008இல் ஐபிஎல் தொடங்கிய அதே ராஜஸ்தானுக்குத் திரும்பினார். சஞ்சுவுக்கு வயது 31. சிஎஸ்கே அந்த ஆண்டு முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்திருந்தது. அணியை இளமையாக்க வேண்டும் என்ற கணக்கில் அது சரியான டிரேட் என்றே நான் நினைக்கிறேன். ஒரு மாதம் கழித்து அபுதாபி ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தபோது அந்தக் கணக்கு இன்னும் தெளிவானது. சர்வதேச ஆட்டம் ஆடாத வீரர்களுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை அது.

ஆனால் அந்த ஒரு வாரமும் டீக்கடையில் எனக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. ஐபிஎல் டிரேடில் இன்று கையில் இருப்பதை மட்டும்தான் மாற்றிக்கொள்ள முடியும். ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்குப் பணம். நாளையை வைத்துப் பேரம் பேச வழியே கிடையாது. அதனால் நம் பேச்சும் 'அவன் நல்லவனா, இவன் நல்லவனா' என்பதோடு நின்றுவிடுகிறது.

என்பிஏ அப்படியில்லை. அங்கே ஏலம் கிடையாது; டிராஃப்ட். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வரும் இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். தோற்ற அணிக்கு முன்வரிசை, ஜெயித்த அணிக்குப் பின்வரிசை. வேண்டுமென்றே தோற்றுக் கடைசிக்குப் போவதைத் தடுக்க, முதல் சில இடங்களைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். 2025 குலுக்கலில் மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு ஆளுக்கு 14 சதவீதம்தான் இருந்தது. அதில் 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லாஸுக்கு முதலிடம் விழுந்தது; கூப்பர் ஃபிளாக் அங்கே போனார். அதே டல்லாஸ்தான் மூன்று மாதத்துக்கு முன்பு லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்கு டிரேட் செய்து, ரசிகர்கள் அரங்கத்தின் வாசலில் சவப்பெட்டி வைக்கும் அளவுக்குக் கோபத்தைச் சம்பாதித்தது. அந்த டிரேடைச் செய்த பொது மேலாளர் நிகோ ஹாரிசன் நவம்பர் 11 அன்று நீக்கப்பட்டார். ஜடேஜா அறிவிப்புக்கு நான்கு நாள் முன்பு.

டிராஃப்ட் என்ற விஷயத்தை நான் கவனிக்கத் தொடங்கியதும் டல்லாஸால்தான். 2015இல் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்திலிருந்து போன சத்னம் சிங்கை 52ஆவது ஆளாக அவர்கள் எடுத்தார்கள். இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் ஆள். ஒரு கிராமத்துப் பையனின் பெயரை அந்த மேடையில் வாசித்தார்கள் என்பது போதுமானதாக இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு விட முடியவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது என்ன என்றால், அந்தத் தேர்வு உரிமையையே, அதாவது பிக்கையே, டிரேட் செய்யலாம். ஏழு ஆண்டு தள்ளி வரப்போகும் பிக்கைக்கூட இன்று கொடுக்கலாம். இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கும், பெயர்கூடத் தெரியாத ஒரு பையன் மீது ஓர் அணிக்கு உரிமை இருக்கும். 1980களில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் முதல் சுற்று பிக்குகளை இஷ்டத்துக்கு விற்றுத் தீர்த்து அணியையே முடக்கிவிட்டார். அதற்குப் பிறகு, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்று பிக் இல்லாமல் போகும்படி எந்த அணியும் டிரேட் செய்யக்கூடாது என்று விதி வந்தது. அவர் பெயரிலேயே அந்த விதியைச் சொல்கிறார்கள். ஊரின் நாளையை ஒரே முதலாளி விற்றுத் தின்றுவிடக் கூடாது என்று ஒரு லீக் சட்டம் போட்டது.

இப்போது சியாட்டிலுக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இந்தச் சங்கிலி அவ்வளவு அழகு.

2007 கோடையில் சியாட்டிலுக்கு சாம் பிரெஸ்டி என்ற இளைஞர் பொது மேலாளராக வந்தார். வந்த உடனே டிராஃப்டில் இரண்டாவது பிக்காகக் கெவின் டுராண்ட். அடுத்த மாதம், கர்ட் தாமஸ் என்ற மூத்த வீரரின் சம்பளச் சுமையை ஃபீனிக்ஸிடமிருந்து வாங்கிக்கொள்வதற்குக் கூலியாக இரண்டு முதல் சுற்று பிக்குகளைப் பெற்றார். அதில் ஒன்று 2008இன் 24ஆவது பிக். ஜூன் 26 அன்று அந்த பிக்கில் காங்கோவில் பிறந்த செர்ஜ் இபாகா. அதே இரவு நான்காவது பிக்கில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். இருவரையும் எடுத்தது சியாட்டில் பெயரில். ஒரு வாரம் கழித்து, ஜூலை 2 அன்று, அணி ஓக்லஹோமாவுக்குப் போகிறது என்று ஒப்பந்தம் முடிந்தது. வெஸ்ட்புரூக்கும் இபாகாவும் சியாட்டிலுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

2016 டிராஃப்ட் இரவில் இபாகாவை ஆர்லாண்டோவுக்குக் கொடுத்து விக்டர் ஒலாடிபோவையும் சபோனிஸையும் வாங்கினார்கள். 2017இல் அந்த இருவரையும் இந்தியானாவுக்குக் கொடுத்து பால் ஜார்ஜ். 2019 ஜூலையில் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தபோது கிடைத்தது ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், கூடவே ஐந்து முதல் சுற்று பிக்குகள், அது போக பிக்குகளை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமைகள். அந்த பிக்குகளில் ஒன்று 2022இல் 12ஆவது இடத்தில் வந்து விழுந்தது. அதில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தவர். ஷாய் அந்த ஆண்டின் சிறந்த வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் இரண்டும்.

எதிரில் நின்ற இந்தியானாவைப் பாருங்கள். பால் ஜார்ஜுக்குப் பதிலாகக் கிடைத்த சபோனிஸை 2022 பிப்ரவரியில் சாக்ரமெண்டோவுக்குக் கொடுத்துத்தான் டைரீஸ் ஹாலிபர்டனை வாங்கினார்கள். இறுதிப் போட்டியின் இரண்டு அணிகளின் தலைமகன்களும் அந்த ஒரே இபாகாவிலிருந்து, சியாட்டிலின் 24ஆவது பிக்கிலிருந்து, வந்த சங்கிலி. பதினேழு ஆண்டு.

இடையில் சும்மா வரவில்லை. தண்டர் 2020-21இல் 22 வெற்றி, 50 தோல்வி. அடுத்த ஆண்டு 24 வெற்றி, 58 தோல்வி. ரசிகர்கள் இதைத் தாங்கினார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. எந்த பிக் எந்த ஆண்டு வரும், அது எந்த இடத்தில் விழலாம், யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று பேசிப் பேசியே அந்த இருட்டைக் கடந்தார்கள். 2024-25இல் 68 வெற்றி, 14 தோல்வி. டிராஃப்ட் என்பது தோற்கும் ஊருக்குப் பேசுவதற்கு ஒரு நாளையைக் கொடுக்கிறது. நான் இந்த விளையாட்டை நேசிப்பதற்குக் காரணம் அதுதான்.

நமக்கும் அது இருந்தது. பலருக்கு மறந்திருக்கும். 2016இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டிஎன்பிஎல்லைத் தொடங்கியபோது வீரர்களை ஏலம் விடவில்லை, டிராஃப்ட்தான். எட்டு அணிகள் சுற்று சுற்றாக ஆள் எடுத்தன. எட்டில் ஒன்று காரைக்குடி காளை.

அந்தப் பெயரைக் கேட்டபோது இந்தப் பக்கத்தில் எழுந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். சிராவயலும் அரளிப்பாறையும் மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன ஊர்கள். காளை என்றால் எங்களுக்குக் கொடியில் வரைந்த படம் அல்ல. வீட்டில் பேர் வைத்துக் கூப்பிடும் பிள்ளை. சென்னை, மதுரை, கோவை, திருச்சி என்ற பட்டியலில் அப்போது மாநகராட்சிகூட ஆகாத காரைக்குடி நின்றது. முதல் சீசனில் பத்ரிநாத் தலைமை. நம் ஊரை டிவியில் வர்ணனையாளர்கள் உச்சரித்தார்கள்.

ஆனால் காளை காரைக்குடியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த நான்கு சீசன்களிலும் ஆட்டங்கள் நடந்தது சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி ஆகிய மூன்று இடங்களில். திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி என்று போய் நத்தத்தில் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்புவதுதான் எங்களுக்கு 'ஹோம் மேட்ச்'. அதற்கும் வேன் பிடித்துப் போனவர்கள் உண்டு, நானும் போயிருக்கிறேன். காளை நான்கு சீசனிலும் இறுதிப் போட்டியை எட்டவில்லை.

வருண் சக்கரவர்த்தி 2017இல் காளை அணியில் இருந்தவர் என்று சொன்னால் இன்றைய பையன்கள் நம்புவதில்லை. கட்டடக்கலை படித்து, வேலையை விட்டு, வேகப்பந்தை விட்டு, சுழலுக்கு வந்த மனிதர். அடுத்த ஆண்டு மதுரை பாந்தர்ஸில் ஆடினார், மதுரை கோப்பை வாங்கியது, டிசம்பரில் 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்குப் பஞ்சாப் அவரை எடுத்தது. பின்னாளில் 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்று ஆட்டங்களில் ஒன்பது விக்கெட். காளை அவரை வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பேச்சை எங்கள் செட்டில் இன்றும் ஆரம்பித்தால் முடிக்க முடியாது. ஊருக்கு ஓர் அணி இருந்தால் இப்படி ஒரு வழக்கு தலைமுறைக்கும் ஓடும்.

2019 சீசனோடு காளை முடிந்தது. அடுத்த ஆண்டு கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. 2021இல் அதே அணி திருப்பூர் தமிழன்ஸாக வந்தது. தூத்துக்குடி அணி சேலத்துக்கும், காஞ்சி அணி நெல்லைக்கும் போனது அதே சமயத்தில்தான். திருப்பூர்க்காரர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களுக்கும் ஓர் அணி வேண்டும்தானே. 2024 ஏலத்தில் சாய் கிஷோரை 22 லட்சத்துக்கும் நடராஜனை 11.25 லட்சத்துக்கும் எடுத்து ஒழுங்காகக் கட்டிய அணி அது. இறுதிப் போட்டியில் அமித் சாத்விக்கும் துஷார் ரஹேஜாவும் ஆடிய ஆட்டம் கோப்பைக்குத் தகுதியானது.

என் ஆதங்கம் வேறு. சியாட்டிலிலிருந்து அணி போனபோது அந்த ஊர் நிர்வாகம் நீதிமன்றம் வரை சென்று, 4.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டு, அதைவிட முக்கியமாக ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டது. சூப்பர்சோனிக்ஸ் என்ற பெயரும் பச்சை-தங்க நிறமும் சின்னமும் ஓக்லஹோமாவுக்குப் போகவில்லை. நாளை சியாட்டிலுக்கு அணி வந்தால் அதற்காக அவை காத்திருக்கின்றன. அதனால் அங்கே இன்றும் குழந்தைகள் சோனிக்ஸ் பனியன் போடுகிறார்கள். காரைக்குடிக்கு அப்படி யாரும் கேட்கவில்லை. ஊரே கேட்கவில்லை என்பதுதான் உண்மை. வாகனப் பேரணி வேண்டாம், ஒரு மனுகூடப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்றும் நடந்தது. 2023இலிருந்து டிஎன்பிஎல் டிராஃப்டை விட்டுவிட்டு ஏலத்துக்கு மாறியது. அந்த முதல் ஏலத்தில் சாய் சுதர்சன் 21.6 லட்சத்துக்குக் கோவைக்குப் போனார். ஐபிஎல்லில் அவருடைய விலையே அப்போது 20 லட்சம்தான். வீரர்களுக்கு நல்ல பணம் கிடைக்கிறது, அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஏலத்தில் தோற்ற அணிக்கு முன்வரிசை கிடையாது, ஊருக்கும் ஆட்டக்காரனுக்கும் முடிச்சும் கிடையாது.

என்பிஏ ஆரம்ப காலத்தில் அழகான ஒரு விதி வைத்திருந்தது. 1949 முதல் 1965 வரை, ஓர் அணி தன் முதல் சுற்று பிக்கை விட்டுக்கொடுத்தால், தன் வட்டாரத்தில் கல்லூரியில் ஆடிய ஒருவனை எல்லோருக்கும் முன்னால் எடுத்துக்கொள்ளலாம். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் ஏற்கெனவே தெரிந்த பையனைப் பார்க்க அரங்குக்கு வருவார்கள் என்பது யோசனை. 1959இல் ஃபிலடெல்ஃபியா தன் ஊர்ப்பிள்ளையான வில்ட் சேம்பர்லைனை அப்படித்தான் எடுத்தது. அவர் கல்லூரி படித்தது தூரத்துக் கான்சாஸில். ஆனால் பள்ளிக்கூடம் ஃபிலடெல்ஃபியா என்று வாதாடி உரிமை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு சின்சினாட்டி ஆஸ்கர் ராபர்ட்சனை எடுத்ததும் இதே வழியில். அந்த லீக் வேரூன்றியது இப்படிப்பட்ட ஊர்ப்பிள்ளைகளால்.

மாவட்டங்களின் பெயரில் நடக்கும் டிஎன்பிஎல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இருக்க முடியாது. ஏலம் இருக்கட்டும். அதற்கு முன் ஒவ்வோர் அணிக்கும் தன் மாவட்டத்திலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஒருவரை நிர்ணயித்த தொகைக்கு முதலில் எடுக்கும் உரிமை கொடுங்கள். அணி இல்லாத சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களை ஏதாவது ஓர் அணியோடு சேர்த்துவிடுங்கள். அப்போது மதுரைக்காரர்களோ திண்டுக்கல்காரர்களோ ஆள் தேடிக் காரைக்குடிப் பக்கம் வந்துதான் ஆகவேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. ஒரு தேர்வு முகாம் நடத்த இடத்துக்குப் பஞ்சமில்லை. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு அந்த வட்டாரத் தேர்வில் இரண்டாவது ஆள் எடுக்கும் உரிமையும், அதை மற்ற அணியோடு டிரேட் செய்யும் உரிமையும் கொடுங்கள். மானகிரி டீக்கடையில் அதற்குப் பிறகு நடக்கும் பேச்சை நீங்கள் வந்து கேட்க வேண்டும்.

டிஎன்பிஎல் ஆட்டங்கள் 2022இலிருந்து சேலத்துக்கும் கோவைக்கும்கூடப் போய்விட்டன. எங்கள் சிவகங்கை மாவட்டத்துக்கு இன்னும் வரவில்லை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதில் கேட்பது இரண்டே விஷயம்: 'காரைக்குடி காளை' என்ற பெயரை வேறு எந்த ஊருக்கும் கொடுக்காமல் இந்த ஊருக்கென்று ஒதுக்கி வையுங்கள், வட்டாரப் பையன்களுக்கு முதல் தேர்வு உரிமையைக் கொண்டுவாருங்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கல்லல் பக்கம் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள், காளைக்காக ஒருநாள் நத்தத்தில் கத்தியவர்கள் எல்லோரும் இதில் கையெழுத்துப் போட முன்வர வேண்டும். அந்தப் பழைய காளை பனியன் யாரிடமாவது இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே வாருங்கள்.